ரோமோவிடம் கற்ற ஆட்டம்

2017 ஆகஸ்டில் டாலஸ் பக்கத்தில் இருக்கும் இர்விங்கில் வந்து இறங்கினேன். வீடு, டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு வழியாக முடிந்துவிட்டது. பழகாமல் போனது திங்கட்கிழமை காலைகள்தான். செப்டம்பரில் அமெரிக்க ஃபுட்பால் சீசன் தொடங்கியதும் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் நடக்கும் பேச்சில் ஒரு வார்த்தை புரியாது. மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரித்துவைப்பேன். டாலஸ் அணியான கௌபாய்ஸ் தோற்ற மறுநாளும் அப்படிச் சிரித்துத் தொலைத்தேன்.

சரி, பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று டிவி முன் உட்கார்ந்தேன். ஐந்தாறு விநாடி முட்டிமோதல், அப்புறம் நிறுத்தம், அப்புறம் விளம்பரம். பந்து யார் கையில் இருக்கிறதென்றே தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு மதியம் முறுக்கு கொடுக்கப் போன என்னை உட்காரவைத்துவிட்டார். முறுக்கை உடைத்துப் பதினோரு துண்டுகளை மேஜையில் பரப்பினார். எதிரே பதினோரு வேர்க்கடலை. நாலு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. "நடுவில் பின்னால் நிற்கிறானே, இவன்தான் குவாட்டர்பேக். எல்லாம் இவன் கையில்" என்று சொல்லிக்கொண்டே அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று டிவியில் பேசிக்கொண்டிருந்தவர் டோனி ரோமோ. 2003இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்ட ஆள். கௌபாய்ஸில் ஒட்டிக்கொண்டு பல வருடம் குவாட்டர்பேக்காக ஆடினார். 2016இல் முதுகில் அடிபட, அந்த இடம் புதுப்பையன் டாக் பிரெஸ்காட்டுக்குப் போனது. மறு ஏப்ரலில் ரோமோ ஓய்வை அறிவித்தார். சிபிஎஸ் டிவி அவரை நேராகத் தன் மூத்த வர்ணனையாளர் ஜிம் நான்ட்ஸ் பக்கத்து நாற்காலியில், முதல் வரிசை வர்ணனையாளராக உட்காரவைத்தது.

ஊரில் சின்ன வயதில் அப்பாவின் டிரான்சிஸ்டரில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவன் நான். நேரில் போவதற்கு முன்பே சேப்பாக்கத்தைக் காதால் பார்த்தாயிற்று. ஆனால் ரோமோ வேறு ரகம். நடந்ததை விளக்குவதோடு விடாமல், நடக்கப்போவதையும் சொல்வார். ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்றதுமே, "ஜிம், அந்தப் பக்கம் பார்!" என்று சின்னப் பையன் மாதிரி குரல் ஏறும். பந்து அந்தப் பக்கமே போகும். இந்த ஊர்க்காரர்கள் அவருக்கு நாஸ்டிரடாமஸ் பட்டம் கட்டினார்கள். நான் வீட்டில் வைத்தீஸ்வரன் கோயில் என்பேன். எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் புதிதாக வந்தவனுக்கும் ஆட்டம் புரிந்துவிடுகிறது. இப்போதெல்லாம் பேச்சு கொஞ்சம் கூடிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. சில ஞாயிறுகளில் எனக்கும் அப்படித் தோன்றும்.

2019 ஜனவரி 20, கான்சாஸ் சிட்டியில் சீஃப்ஸுக்கும் பேட்ரியாட்ஸுக்கும் ஆட்டம். பெரியவர் வீட்டில்தான் பார்த்தேன். கடைசி நிமிடங்கள், பேட்ரியாட்ஸ் 24-28 என்று பின்தங்கியிருந்தது. அந்த அணியின் கிரான்கௌஸ்கி ஓரமாகப் போய்த் தனியாக நின்றார். பின்னால் காவல் நிற்கும் சேஃப்டி முன்னே வந்தால் பந்து கிரான்கௌஸ்கிக்குத்தான் என்றார் ரோமோ. அவன் முன்னே வந்தான். பேட்ரியாட்ஸின் குவாட்டர்பேக் பிரேடி அங்கேயே வீசினார், கிரான்கௌஸ்கி பிடித்தார். நான் சோபாவிலிருந்து எழுந்து கத்திவிட்டேன். கூடுதல் நேரத்தில் பேட்ரியாட்ஸ் 37-31 என்று ஜெயித்தது.

பெரியவர் மட்டும் அசையவில்லை. 2007 ஜனவரியில் சியாட்டிலில் நடந்ததை அவர் மறக்கவே இல்லை. 20-21 என்று கௌபாய்ஸ் பின்தங்கியிருக்க, 19 யார்டிலிருந்து ஒரே ஒரு உதை, கம்பங்களுக்கு நடுவே போனால் முன்னிலை. உதைப்பவருக்காகப் பந்தைப் பிடித்து நிறுத்த வேண்டியவர் ரோமோ. கைநழுவவிட்டார். சீசனே அதோடு முடிந்தது.

"ஊரார் பந்து எங்கே போகும் என்று நன்றாகத்தான் சொல்கிறான்," என்றபடி ரிமோட்டைத் தேடினார் பெரியவர்.