சித்திக்கு அனுப்பிய படிவம்: கூரியரும் தபாலும்

சித்தப்பா வேலை பார்த்த நாட்டிலிருந்துதான் சித்திக்கு ஓய்வூதியம் வருகிறது. வருடம் ஒருமுறை உயிர்வாழ் சான்றுப் படிவம் என் முகவரிக்கு வரும். வேறொரு நாட்டில், கிராமத்தில் இருக்கும் சித்திக்கு நான் அதை அனுப்ப வேண்டும். சித்தி கையெழுத்துப் போட்ட அசல் திரும்பிப் போக வேண்டும், ஸ்கேன் செல்லாது. கெடு மூன்று மாதம். தவறினால் பணம் நின்றுவிடும்.

அவசரம் என்பதால் கூரியரில் போட்டேன். அஞ்சல் குறியீட்டைத் தட்டியதும் "சேவை உண்டு" என்று வந்தது. தொலைதூரப் பகுதி என்று கூடுதல் கட்டணம் கேட்டார்கள், கொடுத்தேன். நாலே நாளில் சித்தி இருக்கும் நாட்டுக்குப் போய்விட்டது. அந்த வேகத்தைக் குறை சொல்லவே முடியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். "முகவரி முழுமையாக இல்லை" என்றது டிராக்கிங். மறுநாள் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை." சித்திக்கு 74 வயது, திண்ணையை விட்டு எங்கும் போவதில்லை. போன் செய்தால் அழாத குறை. "யாருமே வரலப்பா. டவுனுக்கு வந்து வாங்கிக்கோங்கன்னு போன்ல சொல்றாங்க. நான் எப்படிப்பா போவேன்?" விசாரித்ததில், கடைசிக் கட்டத்தை உள்ளூர்க் கூட்டாளியிடம் கொடுத்திருந்தார்கள், அவர்கள் டவுனைத் தாண்டிப் போவதில்லையாம். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு எனக்கே திருப்பி அனுப்பினார்கள். ஒரு மாதம் போயிற்று.

அடுத்து அரசுத் தபால். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். இங்கும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. நாட்டை விட்டுப் போன பின் இரண்டு வாரம் டிராக்கிங்கில் ஓர் அசைவும் இல்லை. கவுண்டருக்குப் போனால் "காத்திருங்கள்" என்றார்கள். மூன்றாம் முறை போனபோதுதான் மூத்த ஊழியர் ஒருவர் சி.என். 08 என்ற விசாரணைப் படிவத்தைக் காட்டினார். வெளிநாட்டுப் பதிவுத் தபால் வந்து சேரவில்லை என்றால் அனுப்பியவர் இதைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லலாம். அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

அதற்குள் ரசீதில் மை மங்கி, தபாலின் பதிவு எண்ணில் ஓர் இலக்கம் படிக்க முடியாமல் போயிருந்தது. நான் பதறிவிட்டேன். அவர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்த எண்ணில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம். முதல் எட்டை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்துதான் ஒன்பதாவது இலக்கம் பிறக்கிறது. ஆகவே ஒன்று அழிந்தாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தும் விட்டார். எல்லா நாட்டு அஞ்சல் துறைக்கும் இந்த எண்முறை பொது. 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் 22 நாடுகள் கூடித் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஏற்பாடு இது. இன்று 192 நாடுகள் அதில் இருக்கின்றன.

விசாரித்ததில், கடிதம் அதே பெயருள்ள வேறொரு கிராமத்துத் தபால் நிலையத்தில் கிடந்தது. மறுபடி அனுப்பினார்கள். தபால்காரர் வந்த அன்று பார்த்து சித்தி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். தபால்காரர் மறுநாளும் வந்து கொடுத்துவிட்டுப் போனார். கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பு, சித்தி கையெழுத்துப் போட்ட அசல் திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

தபாலை மூடிவிட்டு எல்லாவற்றையும் தனியாரிடம் விடலாம் என்று முன்பெல்லாம் நானும் வாதாடியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தபாலும் தவறு செய்தது, அதுவும் பெரிய தவறு. ஆனால் "உங்கள் ஊருக்கு வர மாட்டோம்" என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. கூரியருக்கு அந்த உரிமை இருக்கிறது, லாபக் கணக்குப்படி அது நியாயமும்கூட. யூ.பி.எஸ். போன்ற பெரிய கூரியர் நிறுவனமே அமெரிக்காவில் பல வருடம் தன் மலிவுச் சேவைப் பார்சல்களை வீட்டு வாசலில் சேர்க்க அரசுத் தபாலிடம்தான் கொடுத்து வந்தது.

உரிமையாளர் அரசா தனியாரா என்பதைவிட, போய்த்தான் ஆக வேண்டும் என்ற சட்டக் கடமை யார் தலையில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். பிரிட்டனின் ராயல் மெயில் 2013இல் தனியார்மயமானது. நாடெங்கும் ஒரே கட்டணத்தில் கடிதம் சேர்க்கும் கடமை அதை விட்டுப் போகவில்லை. டென்மார்க்கில் 2024இல் அந்தக் கடமையைச் சட்டமே எடுத்துவிட்டது. டென்மார்க், ஸ்வீடன் அரசுகளுக்குச் சொந்தமான போஸ்ட்நார்ட் என்ற அஞ்சல் நிறுவனம், அந்நாட்டில் 1624 முதல் நடந்துவந்த கடிதப் பட்டுவாடாவை 2025 முடிவில் நிறுத்திக்கொண்டது. அங்கே கடிதங்கள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன, அந்தச் செலவு எனக்குப் புரிகிறது. ஆனாலும் மிச்சமிருக்கும் கடிதங்களில் சித்தியின் படிவம் மாதிரி எத்தனை இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த வருடப் படிவமும் வந்துவிட்டது. பதிவுத் தபாலில்தான் போட்டேன். கவுண்டரை விட்டு நகரும் முன்பே ரசீதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். முகவரியில் ஊர்ப் பெயருக்குக் கீழே தபால் நிலையத்தின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.