ஓட்டு இருக்கு, நிக்கிறது யாரு?

லீவுக்கு உசிலம்பட்டி வந்திருக்கேன். நேத்து திண்ணையில உக்காந்து அப்பாகூட பழைய கத பேசிட்டிருந்தோம், அதான் எழுதத் தோணுச்சு.

2014 ஜூன்ல கல்யாணம் முடிஞ்ச கையோட ஹாங்காங் போனேன். கவுலூன் பக்கம் வீடு, ரெண்டு பேர் நின்னா அடுப்படி நெறஞ்சிரும். கருவேப்பிலைக்கு, நம்மூர்க்காரங்க கடை இருக்குற சுங்கிங் மேன்ஷன் கட்டடம் வரைக்கும் போகணும். மொழி தெரியாது, அம்மாகூட போன்ல பேசுனாதான் பேச்சு.

செப்டம்பர் 28 ராத்திரி டிவியப் போட்டா ரோடு பூரா பொகை, சின்னப் பசங்க குடைய விரிச்சு அதத் தடுத்துக்கிட்டு நிக்கிறாய்ங்க. அன்னிக்கு மட்டும் 87 கண்ணீர்ப் புகைக் குண்டு. அம்மா போன்ல அழுகுறாங்க, "ஏத்தா, வாசலத் தாண்டாத, கெளம்பி வந்துரு"ன்னு.

அப்புறம்தான் வெவரம் கேட்டேன். 2017ல ஹாங்காங் தலைவர மக்களே ஓட்டுப் போட்டு எடுக்கலாம்னு பேச்சு இருந்துச்சு, ஆனா ஆகஸ்ட் 31ல பெய்ஜிங், அதாவது சீன அரசு, சொன்ன முடிவு என்னன்னா ஆளுக்கு ஒரு ஓட்டு உண்டு, நிக்கிறது ரெண்டு இல்ல மூணு பேருதான், அவங்களுக்கும் 1200 பேர் கமிட்டியில பாதிக்கு மேல ஆதரவு வேணும், அந்தக் கமிட்டியில பெரும்பாலும் பெய்ஜிங் பக்கம் சாஞ்சவங்க. இத எதிர்த்துத்தான் காலேஜ் பசங்க கிளாஸுக்குப் போகாம வெளிய வந்தாய்ங்க. முன்னாடி நின்ன ஜோஷுவா வாங்குக்கு அப்ப 17 வயசு, ஓட்டுப் போடுற வயசே வரல.

அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழம, பசங்க ரோட்ட மறிச்சு உக்காந்திருந்த அட்மிரால்டி பக்கம் போனோம். பஸ் பறக்குற ரோட்டுல டென்ட்டா இருக்கு. நடுவுல பலகைய அடிச்சு மேஜை செஞ்சு, லைட் போட்டு, பிள்ளைங்க வரிசையா படிக்கிறாங்க. ஒரு பொண்ணு தண்ணி பாட்டில்ல மூடிய தனியா, பேப்பர உரிச்சு தனியா, பாட்டில தனியா போட்டுக்கிட்டே எங்கிட்ட இங்கிலீஷ்ல, "ஏழு வருஷம் இங்க இருந்தா உங்களுக்கும் ஓட்டு வரும், இது உங்களுக்கும் சேத்துத்தான்"னு சொல்லுச்சு. எனக்குப் பேச்சே வரல. ஊரு விட்டு ஊரு வந்தவள அதுவரைக்கும் அங்க யாரும் அப்படிச் சேத்துக்கிட்டதில்ல.

79 நாள் உக்காந்தாங்க. டிசம்பர்ல எல்லாத்தையும் அகத்திட்டாங்க.

2015 பொங்கலுக்கு வந்தப்ப இதே திண்ணையில அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "இது நம்ம பாப்பாபட்டி கததான் தாயி"ன்னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் எல்லாம் எங்களுக்குப் பக்கத்து ஊருங்க. 1996ல பஞ்சாயத்துத் தலைவர் பதவிய தலித் மக்களுக்கு ஒதுக்குனாங்க, எல்லாரு பேரும் ஓட்டர் லிஸ்ட்டுல இருந்துச்சு, ஆனா நிக்க விடல, மீறி நடந்தாலும் ஜெயிச்சவர உடனே ராஜினாமா பண்ண வச்சாங்க. பத்து வருஷம், 2006 வரைக்கும். தடுத்தது வேற யாரும் இல்ல, எங்க சாதிக்காரங்கதான். "நானும் அப்ப வாயத் தொறக்கல"ன்னு சொல்லும்போது அப்பா என் மொகத்தப் பாக்கல.

2021 ஏப்ரல் 6, இங்க சட்டமன்றத் தேர்தல். அப்பா வீடியோ கால்ல மை வச்ச வெரலக் காட்டுனார். அந்த ஜூன்ல எனக்கு அங்க ஏழு வருஷம் முடிஞ்சு ஓட்டு வந்துருச்சு. ஆனா அதுக்குள்ள சட்டத்தயே மாத்திட்டாங்க. ஹாங்காங் சட்டசபையில 90 சீட்டு, மக்கள் நேரா எடுக்குறது 20தான், முன்னாடி 70ல 35 இருந்துச்சு. நிக்கிற ஒவ்வொருத்தரையும் ஒரு கமிட்டி பாத்து சரின்னு சொல்லணும்.

டிசம்பர் 19 ஓட்டு. நான் போகல.

"யாரு தாயி நிக்கிறா?"ன்னு அப்பா போன்ல கேட்டார். சொன்னேன். "நிக்க விடாதவங்க?"ன்னார். ஜோஷுவா வாங் பேரத்தான் மொதல்ல சொன்னேன், அவர் அப்ப ஜெயில்ல இருந்தார்.