குஞ்சுப் பெட்டிக்குத் தரைச்சூடு: தெர்மோஸ்டாட் காட்டாமல் விட்ட டிகிரிகள்

ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ப்பது லேசான வேலை இல்லை. ராமநாதபுரம் கரையில் பெரிய குளிர் கிடையாது. ராத்திரி 23 டிகிரிக்கு இறங்கினாலே அதிகம். ஆனால் முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். ஈர வாடைக்காற்றும் மின்வெட்டும் சேர்ந்து வரும் ராத்திரிகளில் மீதிச் சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். குண்டு பல்பைத் தொங்கவிடுவது ஊர் வழக்கம். நான் தரைச்சூட்டுக்குப் போனது குஞ்சுக்குக் கீழே விரிக்கும் உமிக்காக. கீழிருந்து சூடு வந்தால் உமி காய்ந்தே கிடக்கும். நனைந்த உமியில்தான் ரத்தக்கழிச்சல் கிளம்பும்.

பெட்டி மூன்றடிக்கு இரண்டடி பிளைவுட். அடியில் தெர்மாகோல், அதன்மேல் அலுமினியத் தாள், பிறகு கழுவிய ஆற்று மணல், மணலுக்குள் சிலிக்கான் உறை போட்ட 12 வோல்ட் ஹீட்டிங் வயர், மேலே தகடு, தகட்டின் மேல் உமி. 40 வாட் என்பதால் மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். சோலார் பேட்டரி தாங்குகிறது. கடற்கரை மணலை இதற்கு எடுக்கவே கூடாது. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு வயர் ஓட்டவில்லை. சூடு போதும் என்று தோன்றினால் குஞ்சு தானே அந்தப் பக்கம் போய்க்கொள்ளும்.

கட்டுப்பாட்டுக்கு டபிள்யூ1209 போர்டு: சென்சார் சொல்லும் சூட்டைப் பார்த்து, ரிலே என்ற மின்சுவிட்ச் வழியாக ஹீட்டரைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட். சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் சூடு ஊஞ்சலாடுகிறது: காற்று 35-ஐத் தொட்டு ரிலே அணைவதற்குள் மணல் ஏகமாகச் சூடேறிவிடுகிறது, அணைந்த பிறகும் அந்தச் சூடு மேலே வந்துகொண்டே இருக்கிறது. சென்சாரை இரண்டு வயர் ஓட்டங்களுக்கு நடுவில் மணலில் புதைத்து, மணலை இரண்டு இன்ச்சிலிருந்து ஒரு இன்ச்சாகக் குறைத்து, பி1 அமைப்பை (ஹீட்டர் அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் இடையே விடும் டிகிரி வித்தியாசம்) 2 டிகிரியிலிருந்து அரை டிகிரிக்குக் கொண்டுவந்ததும் ஊஞ்சல் நின்றது. உமியும் ஒரு போர்வைதான். மணல் 38-இல் இருந்தால்தான் உமியின் மேல்பக்கம் 35 வருகிறது.

இதெல்லாம் சரியாகி, மழை வலுத்த பிறகுதான் உண்மையான சிக்கல். போர்டில் 38 அசையாமல் நிற்கிறது. "குஞ்செல்லாம் வாயைத் திறந்துகிட்டு ஓரத்துல நிக்குதுடா" என்றார் அம்மா. குஞ்சு வாயைத் திறந்தால் சூடு அதிகம், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். இதில் குஞ்சு பொய் சொல்லாது. எனவே போர்டைச் சந்தேகப்பட்டேன்.

ஐஸுக்கு இங்கே பஞ்சமில்லை. மீன் படாத சுத்தமான ஐஸை உடைத்து நல்ல தண்ணீரில் போட்டு, சென்சாரை உள்ளே விட்டேன். (உப்புப் பட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், சோதனைக்கு ஆகாது.) ஏறக்குறைய பூஜ்யமே காட்டியது. இதோடு விட்டிருந்தால் சென்சார் நல்லது என்றுதான் தீர்ப்பு. அடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் சேர்த்து வைத்தேன். தெர்மாமீட்டர் 38, போர்டு 36-ஐ ஒட்டி.

குளிரில் சரி, சூட்டில் பிழை. என்.டி.சி சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். 25 டிகிரியில் 10,000 ஓம். பூஜ்யத்தில் 30,000-ஐத் தாண்டும். 38-இல் 6,000-க்கும் கீழே. வழியில் எங்காவது 400 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால் ஐஸில் கால் டிகிரிதான் தப்பும், தெரியவே தெரியாது. 38-இல் அதே 400 ஓம் ஒன்றரை டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும். போர்டு குறைவாகப் படித்தால் ஹீட்டர் அதிகமாக எரியும். போர்டு காட்டும் டிகிரியைக் கூட்டிக் குறைக்கும் பி4 திருத்தத்தில் ஒரு எண்ணைப் போட்டு இதை மூட முடியாது. எல்லா வெப்பநிலையிலும் ஒரே அளவு பிழை இருந்தால்தான் அது பொருந்தும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் குற்றவாளி சென்சார் செருகும் வெள்ளைக் கனெக்டர். உள்ளே பச்சைக் களிம்பு, உப்புக்காற்றின் வேலை. கனெக்டரை வெட்டிவிட்டு வயரை நேரடியாகச் சால்டர் செய்தேன். மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய், அதன் இரு முனையிலும் சிலிக்கான் பசை. போர்டை இறுக மூடும் சாப்பாட்டு டப்பாவுக்குள் மாற்றியாயிற்று. இப்போது வெதுவெதுப்புத் தண்ணீரில் இரண்டும் ஒன்றாகவே படிக்கின்றன. குஞ்சுகள் பெட்டி முழுக்கப் பரவிப் படுக்கின்றன.

மீதி ஒன்று இருக்கிறது. ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது, போர்டு எவ்வளவு சரியாகப் படித்தாலும். அதற்காக 50 டிகிரியில் தானே துண்டிக்கும் பைமெட்டல் கட்-ஆஃப் ஒன்றை வயரோடு தொடராக இணைத்து, மணலில் பதிக்கப் போகிறேன். அடுத்த அடை பொரிப்பதற்குள் அது முடிந்துவிட வேண்டும்.