முதல் கணினி எது? ஒரு தேர்வு எனக்குக் காட்டிய வழி

கணினி வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்திருந்த பருவத்தில், வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி "உலகின் முதல் கணினி எது?" என்பதுதான். எனியாக், 1946, பென்சில்வேனியா என்று தயங்காமல் சொன்னேன். "எந்தப் பொருளில் முதல்?" என்று தேர்வாளர் திருப்பிக் கேட்டபோது வாயடைத்துப் போனேன். ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, எந்த இயந்திரம் எதைச் செய்தது, எதைச் செய்ய இயலாமல் நின்றது என்பதைப் பார்த்திருக்கவில்லை.

கோன்ராட் சூசே 1941இல் பெர்லினில் முடித்த இசட்3 நிரலின்படி இயங்கியது, ஆனால் ரிலேக்கள் எனும் மின்காந்தச் சுவிட்சுகளால் ஆனது. 1944 முதல் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்க உதவிய கொலோசஸ் மின்னணு இயந்திரமே என்றாலும், அந்த ஒரு பணிக்கென்றே அமைந்தது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட எனியாக் பலவகைக் கணக்குகளையும் செய்தது. தொடக்கத்தில் கணக்கு மாறும்போதெல்லாம் கம்பிகளை மாற்றிச் செருக வேண்டியிருந்தது. நிரலையும் தரவையும் ஒரே மின்னணு நினைவகத்தில் வைத்து இயங்கிய முதல் இயந்திரம், மான்செஸ்டரில் வில்லியம்ஸ், கில்பர்ன், டூட்டில் ஆகியோர் உருவாக்கிய 'பேபி'. அது 1948 ஜூன் 21 அன்று தன் முதல் நிரலை ஓட்டி முடித்தது.

இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்குவோர் பேபியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அந்த இயந்திரம் முழுவதையும் ஒருவர் தம் மனத்துக்குள் வைத்துக்கொள்ள முடியும். நினைவகத்தில் 32 வரிகள், வரிக்கு 32 பிட்டுகள் (0 அல்லது 1), மொத்தம் ஏழே கட்டளைகள். கட்டம் போட்ட தாளில் 32 வரிகளை வரைந்துகொண்டு கையாலேயே நிரலை ஓட்டிப் பார்த்தேன். கூட்டல் கட்டளையே அதில் இல்லை. 5ஐயும் 3ஐயும் கூட்ட, முதலில் 5ஐக் குறி மாற்றி −5 ஆக ஏற்ற வேண்டும். அதிலிருந்து 3ஐக் கழித்தால் −8. அதை ஒரு வரியில் சேமித்து, மறுபடி குறி மாற்றி ஏற்றினால் 8 கிடைக்கும். கழித்தலும் குறி மாற்றமும் இருந்தால் கூட்டலுக்குத் தனிச் சுற்று வேண்டியதில்லை என்ற சிக்கனம் அந்த நான்கு வரிகளில்தான் எனக்கு விளங்கியது. இரண்டு இடங்களில் இடறினேன்: எண்ணின் மிகச் சிறிய மதிப்புள்ள பிட் இடக்கோடியில் எழுதப்படும் என்பதை மறந்தேன், கட்டளையை எடுப்பதற்கு முன்பே, அடுத்த வரி எது என்று காட்டும் எண்ணியின் (counter) மதிப்பு ஒன்று கூடிவிடுவதால் நிரல் வரி 0இல் அல்லாமல் வரி 1இல் தொடங்கும் என்பதைக் கவனிக்கவில்லை. முதல் நிரல் 2இன் 18ஆம் அடுக்குக்குரிய மிகப் பெரிய தகு காரணியான (அந்த எண்ணைத் தவிர்த்த காரணி) 131,072ஐக் கண்டுபிடிக்க 52 நிமிடம் எடுத்தது ஏன் என்று இப்போது கேட்டால், வகுத்தல் முழுவதையும் கழித்துக் கழித்தே செய்ததால் என்று என்னால் விளக்க முடியும்.

நூல்களை எடுக்கும்போது முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். கொலோசஸ் பற்றிய செய்தி 1970கள் வரை இரகசியமாகவே காக்கப்பட்டதால், அதற்கு முந்தைய வரலாறுகளில் அதற்கு இடமே இல்லை. அது அந்த ஆசிரியர்களின் பிழையுமல்ல. மவுண்டன் வியூவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகமும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் நிறுவனமும் முன்னோடிகளின் நேர்காணல்களை எழுத்து வடிவில் இணையத்தில் வைத்திருக்கின்றன. எனியாக்கில் நிரலமைத்த ஜீன் பார்ட்டிக் தம் வேலையைத் தாமே சொல்லக் கேட்பது அருமையான அனுபவம். ஆயினும் பல பத்தாண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொல்லப்படுபவை என்பதால், தேதிகளை மட்டும் அக்கால ஆவணங்களோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கணிதவியலாளர் ஜான் வான் நியூமனின் பெயரில் 1945 ஜூன் 30 தேதியிட்டு வெளிவந்த, எனியாக்குக்கு அடுத்துத் திட்டமிடப்பட்ட எட்வாக் கணினி பற்றிய வரைவறிக்கையை மூல வடிவிலேயே படியுங்கள். எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட், மாக்லி ஆகியோரின் பெயர்கள் அதன் முகப்பில் இல்லை என்பதிலிருந்தே ஒரு நீண்ட மனக்கசப்பு தொடங்கியது.

பேபி கைவந்த பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினியான எட்சாக்குக்குச் செல்லலாம். மார்ட்டின் கேம்பல்-கெல்லி உருவாக்கிய அதன் பாவனை மென்பொருள் (simulator) இலவசமாகக் கிடைக்கிறது. 1949 மே 6 அன்று ஓடிய வர்க்க எண் அட்டவணை நிரலை அதில் முதலில் ஓட்டுங்கள், பிறகு ஒரே ஒரு கட்டளையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.