பாங்கி ம்கோன்டே

மலாவியில் முதல் வருடம் நான் எழுதிய அறிக்கைகளில் 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல் இல்லாத பக்கமே இருக்காது. டெட்சா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு அடிபம்பு போட்டுக் கொடுத்தோம். மணலையும் செங்கல்லையும் ஊரார் சுமந்தார்கள். பத்துப் பேர் கொண்ட குழு அமைத்தோம். அதில் பாதிப் பேர் பெண்கள். திறப்பு விழாவில் பாட்டும் ஆட்டமுமாக இருந்தது. படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டோம்.

2022 செப்டம்பரில் திரும்பிப் போனபோது பம்பின் கைப்பிடியில் ஓர் ஆடு கட்டியிருந்தது. பெண்கள் பழையபடி பள்ளத்து ஊற்றுக்குழியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள்.

அது ஆஃப்ரிடெவ் பம்பு. நம் ஊரில் நிற்கும் இந்தியா மார்க் 2 பம்பில் பிஸ்டன் பழுதானால் குழாய்களையெல்லாம் வெளியே இழுக்க வேண்டும். இதில் குழாயைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் மேலே எடுத்துவிடலாம். ஊராரே பழுது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றே வடிவமைத்தது. தேய்ந்திருந்தது ஒரு சின்ன ரப்பர் சீல்தான். அதை வாங்கக் காசில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று பேசிய மாதச் சந்தா இரண்டு மாதத்தோடு நின்றுபோயிருந்தது. பொருளாளர் ஊர்த்தலைவரின் சகோதரி மகன். இந்த ஊராரான செவா இன மக்களிடம் நிலமும் தலைமையும் தாய்வழியில் இறங்குவதால், மருமகன்தான் நாளைய தலைவர். அவரிடம் போய் யார் கணக்குக் கேட்பது? நான் 'பங்கேற்பு குறைவு' என்று எழுதி அனுப்பினேன். இன்று அதைப் படித்தால் கூசுகிறது.

அதே வாரம், அதே ஊரில், ஒரு வீட்டுத் திண்ணையில் இருபது பெண்கள் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாங்கி ம்கோன்டே என்றார்கள், திண்ணை வங்கி. (நம் தாத்தாக்கள் சொன்ன அதே 'பாங்கி'தான்.) மூன்று பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆள் வீட்டில். ஒருவர் ஒரு கூட்டத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். எண்ணுவதை உரக்கவே எண்ணுகிறார்கள். எழுத்தறியாத பாட்டி ஒருவர் போன கூட்டத்து இருப்பை மனப்பாடமாக ஒப்பித்தார். 1991இல் நைஜரின் மராடி பகுதியில் கேர் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய முறை இது. நம் மகளிர் குழுக்களின் கண் வங்கிக் கடன் மேல் இருக்கும். இங்கே வெளிப்பணம் ஒரு காசு கிடையாது. சேர்த்த பணத்தையே தங்களுக்குள் வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். மழைக்கு முன்பு, நவம்பரில், பெட்டியைக் காலி செய்து வட்டியோடு பிரித்துக்கொண்டு உரம் வாங்கப் போகிறார்கள்.

பம்புக்கு மட்டும் ஏன் பணம் தரவில்லை என்று கேட்டேன். "அந்தப் பணத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லையே" என்றார் பாட்டி. நான் அத்தனை முறை எழுதிய பங்கேற்பில் அவர்களுக்கு உழைப்பு இருந்தது, பங்கு இல்லை.

பம்புச் சந்தாவைத் தனிப் பையில் போட்டு, இதே பெட்டியில் வைத்து, கடன் கொடுத்து வட்டியைப் பழுதுக்குச் செலவழிப்பது என்ற யோசனை அவர்களுடையது. தலைவர் சீறுவார் என்று நான் பயந்தேன். அவர்கள் ஒரு சாவியை அவர் மனைவியிடம் கொடுத்து அதையும் முடித்துவிட்டார்கள்.

இதனால் வறுமை ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். அந்தத் திண்ணையில் ஊரின் பரம ஏழைகள் யாரும் இல்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மக்காச்சோளக் குதிர் காலியாகக் கிடக்கும்போது அவர்கள் அன்றாடச் சோற்றுக்காக அடுத்தவர் வயலில் களையெடுக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் சொந்த வயலில் களை மண்டுகிறது. அடுத்த வருடமும் குதிர் நிறையாது. ஒரு பங்கு வாங்கக்கூட அவர்களிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

2023 நவம்பரில் பெட்டியைத் திறக்கும் நேரத்தில், டாலருக்குச் சுமார் 1,180 குவாச்சாவாக (மலாவி நாணயம்) இருந்த மாற்று விகிதம் ஒரே அடியாக 1,700க்குப் போனது. கணக்கில் ஒரு காசு குறையவில்லை, காசின் மதிப்புதான் குறைந்துபோனது. இரண்டு மூட்டை உரத்துக்கு வருடம் முழுவதும் சேர்த்த பாட்டி, ஒரு மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். பம்புப் பையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. விலை இன்னும் ஏறும் என்று மறுநாளே இரண்டு சீல் வாங்கிவந்து பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்கள்.