தண்ணீர் ஊற்ற யார் வருவீர்கள்?

எங்கள் தெருவை ஒட்டிய பொது இடம் பெயருக்குத்தான் பூங்கா. வண்டி நிறுத்தவும், வீடு இடித்த கழிவைக் கொட்டவும்தான் பயன்பட்டது. அங்கே மரம் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது யாரும் மறுக்கவில்லை. மரம் வேண்டாம் என்று யார்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்?

எந்த மரம், எத்தனை மரம் என்றுதான் முதல் கூட்டம் போனது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அதை நிறுத்தினார். "முதல்ல தண்ணி ஊத்தறவங்க பேரை எழுதுங்க சார். அதுக்கு ஏத்த மாதிரி கன்று வாங்கிக்கலாம்." நோட்டை நீட்டியதும் பாதிப் பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது. போகட்டும். வாங்க நினைத்த கன்றுகளில் பாதியைக் குறைத்தோம். இன்று யோசித்தால், எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

இடம் உள்ளாட்சிக்குச் சொந்தம் என்பதால் மனு கொடுத்தோம். "தாராளமா வைங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். நாங்கள் எழுத்தில் கேட்டோம். நாளை குழாய் பதிக்க வருகிறவர் கன்றைப் பிடுங்கினால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டுமே. அதற்கு வரைபடம் கேட்டார்கள், கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் தண்ணீர்க் குழாய், கேபிள், மின்கம்பி எல்லாம் எங்கே போகின்றன என்று வரைந்தபோதுதான், உயரமாக வளரும் மரங்களுக்கு நாங்கள் குறித்திருந்த வரிசை மின்கம்பிக்கு நேர் கீழே இருப்பது தெரிந்தது. அங்கே செடிகளும் குட்டை மரங்களும் போதும் என்று மாற்றினோம்.

அடுத்தது மண். கடப்பாரை போட்ட இடமெல்லாம் செங்கல். சோதனைக்கு ஒரு குழியில் தண்ணீர் நிரப்பினோம். மறுநாள் காலையிலும் பாதி அப்படியே நின்றது. அப்படிப்பட்ட மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும். கழிவை அள்ளி, இறுகிய மண்ணைக் கிளறி, மட்கு கலந்தோம். முழு வேலையிலும் முதுகை ஒடித்தது இதுதான். ஆழமாகத் தோண்டினால் வேர் ஆழமாகப் போகும் என்று ஒரு தரப்பு அடம்பிடித்தது. மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் அரை மீட்டருக்குள் பக்கவாட்டில்தான் பரவும். ஆகவே கன்றின் வேரைச் சுற்றிப் பையில் இருக்கும் மண் எவ்வளவு உயரமோ குழி அவ்வளவு ஆழம், அகலம் மட்டும் அந்த மண்ணைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்று முடிவானது.

நடும் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல கூட்டம், நிறைய போட்டோ. பையைக் கிழித்து எடுக்கிறார்களா, சுருண்ட வேரைப் பிரித்துவிடுகிறார்களா, தண்டின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதையாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

அப்புறம் வெயில் வந்தது. ஒரு கன்றுக்கு இரண்டு வீடு என்று பிரித்திருந்தோம். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் என்ன ஆனது என்றால், இருவருமே மற்றவர் ஊற்றியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். வேலியில் ஓர் அட்டையைக் கட்டி, ஊற்றியவர் தேதி எழுத வேண்டும் என்றோம். வாட்ஸ்அப் குழுவால் ஆகாததை அந்த அட்டை செய்தது. தினமும் ஒரு சொம்பு தெளித்துவிட்டுப் போனவர்களையும் மாற்ற வேண்டியிருந்தது. மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். சில நாளுக்கு ஒருமுறை, ஆழம்வரை ஊறும்படி நிதானமாக ஊற்றுவதே கன்றுக்கு நல்லது. காய்ந்த இலையை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினோம், தண்டை ஒட்டாமல் இடைவெளி விட்டு. ஈரம் கூடுதல் நாள் நின்றது. அப்படியும் சில கன்றுகள் பட்டுப்போயின. அடுத்த மழைக்காலத்தில் அந்த இடங்களில் மறுபடி நட்டோம்.

இப்போதைய சண்டை இலைக்குப்பை பற்றியது. எரிப்பதை நிறுத்தி, ஓரமாகக் கம்பிவலைக் கூடு கட்டி மட்க வைக்கிறோம். பூச்சி வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா புகார் சொன்னார். அதில் நியாயமும் இருந்தது, யாரோ சமையல் கழிவையும் சேர்த்துக் கொட்டியிருந்தார்கள். கூட்டை எதிர்மூலைக்கு மாற்றி, இலை மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். கன்றுகள் சாயாமல் இருக்கக் கட்டியிருந்த முட்டுக்கழிகளைக் கழற்றும் நேரமும் வந்துவிட்டது. அதற்கு ஆள் கேட்டிருக்கிறோம், நோட்டில் இதுவரை மூன்று பெயர்.