வார்டிலிருந்து திரும்பி வரும் ரத்தப் பை

பாதி ஏற்றிய ரத்தப் பை வார்டிலிருந்து திரும்பி வருகிறது என்றால், ரத்த வங்கியில் நாங்கள் கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவோம். நோயாளிக்குக் குளிர் நடுக்கமோ, காய்ச்சலோ, இடுப்பு வலியோ வந்திருக்கும். சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கும். அங்கே ரத்தத்தை நிறுத்திவிட்டு சலைன் ஓடவிட்டிருப்பார்கள். பையோடு அதன் டியூபும், புதிதாக எடுத்த ரத்தமும், சிறுநீரும் எங்களுக்கு வந்து சேர வேண்டும்.

வேலைக்குப் புதிதாக வருபவர்கள் உடனே டெஸ்ட்டுக்கான கரைசல் இருக்கும் ரீஏஜென்ட் பாட்டிலைத் தேடிப் போவார்கள். நான் முதலில் படிக்கச் சொல்வேன். பையின் எண், லேபிள், கிராஸ் மேட்ச் (பையின் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் டெஸ்ட்) பதிவேடு, வார்டு அனுப்பிய படிவம் எல்லாவற்றையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். குரூப் பொருந்தாத ரத்தம் ஒருவர் உடம்பில் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் டெஸ்ட் அல்ல. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். கட்டிலருகே ஒட்ட வேண்டிய லேபிளை மேசைக்கு வந்து ஒட்டியிருப்பார்கள். அவசரத்தில் பை மாறியிருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் உடனே இன்னொரு வார்டுக்குப் போன் போட வேண்டும். இவருக்கு ஏறியது வேறொருவருடைய பை என்றால், இவருடைய பை அந்த வேறொருவருக்கு இப்போது ஏறிக்கொண்டிருக்கலாம். மொத்த விசாரணையிலும் இதைவிட அவசரமான காரியம் கிடையாது.

அப்புறம் நிறம். ஏற்றுவதற்கு முன் எடுத்த சாம்பிளையும் பின் எடுத்ததையும் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாவதில் பிளாஸ்மா (அணுக்கள் கீழே படிந்தபின் மேலே நிற்கும் திரவம்) வெளிர்மஞ்சளாக இருந்து, இரண்டாவதில் சிவப்பு ஏறியிருந்தால், உடம்புக்குள்ளேயே சிவப்பணுக்கள் உடைந்திருக்கலாம். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலும் இதே நிறம் வரும். சந்தேகம் இருந்தால் சிஸ்டரிடம் இன்னொரு சாம்பிள் கேட்கத் தயங்கவே கூடாது.

அடுத்தது கூம்ஸ் டெஸ்ட். 1945இல் கூம்ஸ், மோரன்ட், ரேஸ் மூவரும் வெளியிட்ட முறை. நோயாளியிடம் எடுத்த ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள்மேல் ஆன்டிபாடி (அந்நியப் பொருளைத் தாக்க உடம்பு உருவாக்கும் புரதம்) ஒட்டியிருக்கிறதா என்று இது காட்டும். அணுக்களை சலைனில் நன்றாகக் கழுவாவிட்டால், மிச்சமிருக்கும் பிளாஸ்மா ரீஏஜென்ட்டைச் செயலிழக்கச் செய்து, பாசிட்டிவாக வர வேண்டியது நெகட்டிவாக வந்துவிடும். ஏற்றிய அணுக்கள்மேல் மட்டும் ஆன்டிபாடி இருந்தால், மைக்ரோஸ்கோப்பில் சின்னச் சின்னக் கட்டிகளும், நடுவே ஒட்டாமல் மிதக்கும் நோயாளியின் சொந்த அணுக்களும் சேர்ந்தே தெரியும். நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடவும் முடியாது. பொருந்தாத அணுக்கள் எல்லாமே அதற்குள் உடைந்துபோயிருந்தாலும் நெகட்டிவ்தான். அதனால்தான் பழைய சாம்பிள், புதிய சாம்பிள், பை மூன்றுக்கும் குரூப்பை மறுபடி பார்த்து, கிராஸ் மேட்சும் திரும்பப் போடுகிறோம். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே வரும். வெறும் காய்ச்சலோடு போய்விடும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பை திரும்பி வராத ரியாக்‌ஷன்தான். ஒரு அம்மாவுக்கு ரத்தம் ஏற்றியபோது எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு வாரம் ஆவதற்குள் கண் மஞ்சளானது. ஹீமோகுளோபின் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. வார்டில் கல்லீரல் கோளாறு என்று நினைத்தார்கள். மறுபடி ரத்தம் கேட்டு வந்த சாம்பிளில்தான் விஷயம் பிடிபட்டது: கிட் (Kidd) என்ற ரத்த குரூப் வகையைச் சேர்ந்த ஆன்டி ஜேகேஏ (anti-Jka) என்ற ஆன்டிபாடி. எடுத்து வைத்திருந்த பழைய சாம்பிளைத் திரும்பச் சோதித்தோம், அப்போதும் நெகட்டிவ். முதல் கிராஸ் மேட்சில் தவறில்லை. முந்தைய பிரசவங்களில் உருவான ஆன்டிபாடியாக இருக்க வேண்டும். இந்த வகை, காலப்போக்கில் டெஸ்ட்டில் சிக்காத அளவுக்குக் குறைந்துவிடும். அது தாக்கும் அதே ஆன்டிஜன் (சிவப்பணுமேல் இருக்கும் அடையாளப் பொருள்) மறுபடி உள்ளே வந்தால் சில நாட்களில் பெருகிவிடும்.

அவருக்குப் பொருந்தும் பையைத் தேடிக் கொடுத்தோம். அதோடு ஆன்டிபாடியின் பெயர் எழுதிய அட்டை ஒன்றையும் அவர் மகளிடம் கொடுத்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ரத்தம் ஏற்றும் முன் இதைக் காட்டுங்கள் என்று சொன்னேன். "இப்பதான் கண்டுபிடிச்சிட்டீங்களே, அடுத்த தடவை டெஸ்ட்லயே தெரியாதா?" என்று கேட்டார். தெரியாமல் போகலாம், அது மறுபடி மறைந்துவிடும், அதனால்தான் இந்த அட்டை என்றேன்.